ஏழு மணி நேரம் முதுகு மண்ணில் படவில்லை: முல்டூன் – விஸ்லர் மோதல், 1881

1881 ஜனவரி 26. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் டெரஸ் கார்டன் என்ற கேளிக்கை அரங்கம். மேடையேறிய இருவரில் ஒருவர் வில்லியம் முல்டூன். நியூயார்க் காவல் துறையில் இருந்தவர். சரியாக ஓராண்டுக்கு முன்பு, 1880 ஜனவரியில், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பிரான்ஸிலிருந்து வந்த தியோபோ பாவரை வீழ்த்தி கிரேக்கோ-ரோமன் என்ற மல்யுத்தப் பாணியின் பட்டத்தைக் கைப்பற்றியிருந்தார். எதிரே நின்ற கிளாரன்ஸ் விஸ்லர், அமெரிக்காவின் மத்தியப் பகுதியிலிருந்து பெயர் வாங்கி வந்தவர். முல்டூனைவிட எடை கணிசமாகக் குறைவு. ஆனால் கீழே கிடந்து தாங்குவதில் மன்னன்.

இருவரும் ஏழு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். ஒருவருடைய முதுகும் தரையில் படவில்லை. அதிகாலை நான்கு மணி வாக்கில் அரங்கத்தார் எரிவாயு விளக்குகளை அணைத்தார்கள். ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது.

விக்டோரியா காலத்து மல்யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரவைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். சிலர் இதை வீரக் கதையாகச் சொல்வார்கள்: அந்தக் காலத்து மனிதர்களின் தெம்பு அப்படி. சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள்: எல்லாம் பேசி வைத்த ஆட்டம். எனக்கு இரண்டுமே போதவில்லை. அன்றிரவு முடிவு வராமல் போனதற்கான காரணத்தை அந்த இருவரின் உடம்பிலும் மனத்திலும் தேடுவதற்கு முன் அவர்கள் ஆடிய கிரேக்கோ-ரோமன் பாணியின் விதிகளில் தேட வேண்டும் என்பது என் கட்சி. அதைப் பார்க்க, அந்தப் பாணிக்கு முன்பும் பக்கத்திலும் இருந்த மற்றவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஊருக்கு ஒரு விதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில் ‘மல்யுத்தம்’ என்று பொதுவாக ஒன்று இருக்கவில்லை. எந்த மாவட்டத்துக்காரர் என்பதைப் பொறுத்துப் பிடி மாறும், உடை மாறும், தோல்வி எது என்பதே மாறும்.

வடமேற்கில், ஏரிகள் நிறைந்த கம்பர்லண்ட், வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டங்களின் பாணியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இருவரும் மார்போடு மார்பு ஒட்டி நிற்பார்கள். ஒவ்வொருவரும் தன் தாடையை எதிராளியின் வலது தோளில் சாய்ப்பார். இடது கை எதிராளியின் வலது கைக்கு மேலாகப் போகும். வலது கை அவருடைய இடது கைக்கு அடியில் போகும். முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கொக்கி போல மடக்கிக் கோத்துக்கொள்வார்கள். இருவருக்கும் பிடி கிடைத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். பிறகு இடுப்பில் ஏற்றி வீசலாம், குதிகாலால் இடறலாம், காலைக் காலால் பின்னி இழுக்கலாம். கோத்த கை அவிழ்ந்தால் தோற்றான். பாதம் தவிர வேறு எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் தோற்றான். இருவரும் ஒன்றாகச் சாய்ந்து, யார் முதலில் என்று சொல்ல முடியாவிட்டால் மறுபடி பிடிக்க வேண்டும்.

இந்த விதியில் ஒரு சுற்று சில நொடிகளில்கூட முடிந்துவிடும். சாதகமான பிடி கிடைக்கும்வரை இருவரும் தோளை நெளித்துக்கொண்டே இருப்பதால், பிடி போடும் நேரம் ஆட்ட நேரத்தைவிட நீள்கிறது என்பதுதான் அன்றைய பார்வையாளர்களின் புகார். அது ஏன் இவ்வளவு வேகமாக முடியும்படி அமைந்தது? கார்லைலிலும் கிராஸ்மியரிலும் நடந்த விழாக்களில் ஏராளமான இளைஞர்கள் ஒரே நாளில் மோதி, தோற்றவர் விலகி, மாலைக்குள் ஒருவன் மிஞ்ச வேண்டும். பொழுது சாய்வதற்குள் வெற்றியாளனின் இடுப்பில் பரிசு வாரைக் கட்டியாக வேண்டும். விதி அந்தத் தேவைக்கு ஏற்ப வளர்ந்தது. வெள்ளை இறுக்க உடைக்கு மேல் பூ வேலைப்பாடு செய்த வெல்வெட் அரைக்கச்சை அணியும் வழக்கமும் விக்டோரியா காலத்தில்தான் அங்கே சேர்ந்தது. நேர்த்தியான உடைக்குத் தனிப் பரிசு கொடுக்கும் வழக்கமும் வந்தது.

தென்மேற்கு முனையில் கார்ன்வாலில் வேறு கதை. தடித்த கித்தான் சட்டை போட்டுக்கொண்டு, அந்தச் சட்டையை மட்டுமே பிடித்து மோதுவார்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு என நான்கு புள்ளிகளில் குறைந்தது மூன்று ஒரே சமயத்தில் தரையில் பதிந்தால்தான் வீழ்ச்சி. மூன்று நடுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தரையில் உருண்டு மல்லுக்கட்டுவதற்கு இடமில்லை. விழுந்தது செல்லாவிட்டால் எழுந்து மறுபடி சட்டையைப் பிடிக்க வேண்டும். தகரம், செம்புச் சுரங்கங்கள் நொடித்தபோது கார்னிஷ் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மிச்சிகன், கலிபோர்னியா என்று போன இடமெல்லாம் அந்தச் சட்டையையும் கொண்டுபோனார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் டெவனிலும் சட்டைதான். ஆனால் அங்கே காலணியும் உண்டு. நெருப்பில் வாட்டி இறுக்கிய தோல் காலணியால் எதிராளியின் கணுக்காலையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையும் உதைப்பார்கள். இந்த இரண்டு பக்கத்தாரும் ஒரே களத்தில் இறங்கியபோது என்ன நடந்தது என்பதற்கு விக்டோரியா பட்டமேறுவதற்குப் பதினோரு ஆண்டு முந்தைய சான்று ஒன்று இருக்கிறது. 1826 அக்டோபரில் டெவன்போர்ட்டில் டெவனின் ஆபிரகாம் கானும் கார்ன்வாலின் ஜேம்ஸ் பால்கிங்ஹார்னும் மோதினார்கள். கான் உதைப்பதில் பெயர் போனவர். பால்கிங்ஹார்ன் அவரைவிட மிகவும் கனத்த மதுக்கடைக்காரர், அணைத்துத் தூக்குவதில் வல்லவர். பெருங்கூட்டம் கூடியது. எந்த வீழ்ச்சி செல்லும், எது செல்லாது என்ற தகராறிலேயே ஆட்டம் முறிந்து, முடிவில்லாமல் போனது. இரு ஊர்களின் விதியும் தனித்தனியே தெளிவானவை. அவற்றுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொல்லத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

லங்காஷயர் பாணி இவை எல்லாவற்றிலும் கடுமையானது. நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையும் நிறைந்த விகன், போல்ட்டன் பகுதிகளில் மதுக்கடைகளை ஒட்டிய மைதானங்களில் இரண்டே பேர் பந்தயம் கட்டி மோதுவார்கள். எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம்: கால், கை, கழுத்து. விழுந்த பிறகும் விட மாட்டார்கள். இரண்டு தோளும் தரையில் அழுந்தும்வரை தரையிலேயே போராட்டம் தொடரும். ‘கேட்ச்-ஆஸ்-கேட்ச்-கேன்’ என்று உலகம் பிற்பாடு அறிந்தது இதைத்தான்.

கடல் கடந்து அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஐரிஷ் குடியேறிகள் கொண்டுவந்த ‘காலர் அண்ட் எல்போ’ பாணி வேரூன்றியிருந்தது. ஒரு கை எதிராளியின் காலரில், மறு கை முழங்கையில். மீதி வேலை கால்களுக்கு. உள்நாட்டுப் போரில் வெர்மான்ட் வீரர்கள் முகாம்களில் ஆடி இதை வடக்கு மாநிலங்கள் முழுவதும் பரப்பினார்கள். 1870களில் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பாணிகளின் விதிகளை எழுதியவர் என்று தனி ஆள் யாரும் இல்லை. எத்தனை பேர் மோத வேண்டும், யார் பார்க்கிறார்கள், எவ்வளவு பொழுது இருக்கிறது என்பதை வைத்து ஊர் தானாகவே எழுதிக்கொண்டது.

மேடைக்காகவே பிறந்த பாணி

கிரேக்கோ-ரோமன் அப்படி எந்த ஊரிலும் முளைத்ததல்ல. நெப்போலியன் படையில் இருந்த ஜான் எக்ஸ்பிராயா என்ற பிரெஞ்சுக்காரர் 1848 வாக்கில் சந்தைகளில் ஆட்டம் நடத்தியபோது இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தார். மூட்டை முறுக்கி வலி கொடுக்கும் பிடிகளும் கூடாது. கூடாரங்களிலும் சர்க்கஸ்களிலும் இந்த முறை ஐரோப்பா முழுக்கப் போனது. பழைய கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் உரிய கௌரவம் பெயரோடு சேர்ந்து வந்ததால், மதுக்கடை மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கனவான்களும் இதற்குத் தயக்கமில்லாமல் டிக்கெட் வாங்கினார்கள்.

மேடைக்கு இந்த விதி மிகப் பொருத்தமானது. இருவரும் நிமிர்ந்து நின்று பிடிப்பதால் மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் புஜமும் மார்பும் தெரியும். எதிராளியை இடுப்போடு அணைத்துத் தூக்கி எறியும் காட்சி கிடைக்கும். முல்டூனிடம் தோற்ற அதே பாவர், 1860களில் பிரான்ஸில் முகமூடி அணிந்து ‘முகமூடி மல்லன்’ என்று ஆடியவர் என்றால் அந்தச் சூழல் புரியும். சர்க்கஸ் பலசாலி ஒருவன் ஊர்க்காரன் ஒருவனை வா என்று அழைத்து, சில நிமிடங்களில் வீசி எறிவதற்கான பாணி இது. அந்த அளவுக்கு அது மிக நன்றாக வேலை செய்தது.

சிக்கல், சம பலமுள்ள இரண்டு தேர்ந்த மல்லர்கள் பட்டத்துக்காக மோதும்போது தொடங்குகிறது.

பிடிக்கு உள்ளே

இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் இடறக் கூடாது என்றால் ஒருவனைச் சாய்க்க மிஞ்சும் வழிகள் என்ன? கழுத்தைப் பிடித்துத் திருகி வீசலாம், கையைச் சுழற்றி இழுக்கலாம், மார்பையோ இடுப்பையோ அணைத்துத் தூக்கலாம். மூன்றுக்குமே எதிராளி நிமிர்ந்து நிற்க வேண்டும். அவன் இடுப்பைத் தாழ்த்திக்கொண்டால் பாதி வழி அடைபடும். பேசாமல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தரையில் படிந்துவிட்டால் மீதிப் பாதியும் அடைபடும்.

அப்போது மேலே இருப்பவனுக்கு ஒரே வேலைதான். அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, எதிராளியின் பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அவனை மெல்ல மெல்ல மல்லாக்கப் புரட்ட வேண்டும். கீழே இருப்பவன் கழுத்தை விறைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு தடுப்பான். அதையும் மீறிப் புரட்டினால், கடைசி நொடியில் உச்சந்தலையையும் பாதங்களையும் ஊன்றி முதுகை வில்லாக வளைத்துத் தூக்கிக்கொள்வான். தோள்கள் தரையிலிருந்து சில அங்குலம் மேலே நிற்கும். நடுவர் குனிந்து பார்ப்பார். இரண்டு தோளும் ஒரே நேரத்தில் படவில்லை. மேலே இருப்பவன் தன் முழு எடையையும் அவன் மார்பில் போடுவான். கழுத்து தாங்கினால் கீழே இருப்பவன் உருண்டு மறுபடி முழங்கால் ஊன்றிவிடுவான். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கழுத்து பலம் உள்ள ஒருவனுக்கு இந்த விதியில் தோற்காமல் இருப்பது சாத்தியம். ஜெயிப்பது வேறு விஷயம். தோற்காமல் இருக்கலாம். கேட்ச் பாணியில் இதே நிலையில் கிடந்தால், மேலே இருப்பவன் காலைப் பிடித்து இழுத்து, மடக்கி, வேறு பக்கமாகப் புரட்டியிருப்பான். கம்பர்லண்டில் முழங்கால் தரையில் பட்ட கணமே ஆட்டம் முடிந்திருக்கும். கார்ன்வாலில் இருவரையும் எழுப்பி நிறுத்தியிருப்பார்கள். 1881இன் கிரேக்கோ-ரோமனில் இது எதுவும் கிடையாது. நேர வரம்பு இல்லை. புள்ளிகள் இல்லை. முயலாமல் தற்காப்பிலேயே கிடப்பவனுக்குத் தண்டனையும் இல்லை. முல்டூன் போன்ற கனத்த, பலமான சாம்பியனை எதிர்த்து விஸ்லர் போன்ற எடை குறைந்த ஆனால் தாங்கக்கூடிய ஒருவரை நிறுத்தினால், இந்த விதி விடியும்வரை கூட்டிக்கொண்டு போகும். போனது.

விஸ்லர் நகங்களை வளர்த்துக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தார், தலைமுடியில் அம்மோனியா தடவி முல்டூனின் கண்ணை எரியவைத்தார் என்றெல்லாம் முல்டூனுக்கு வேண்டியவர்கள் பின்னாளில் சொன்ன கதை உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும் முல்டூன் ஏன் திணறினார் என்பதற்குத்தான் விளக்கமாகும்; விஸ்லரும் ஏழு மணி நேரம் அவரை வீழ்த்த முடியாமல் போனதற்கு விளக்கமாகாது.

பேசி வைத்த ஆட்டமா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்தக் காலத்து மல்லர்கள் பிழைத்தது டிக்கெட் வசூலிலும் பந்தயப் பணத்திலும். முன்கூட்டியே பேசி ஆடும் ஆட்டங்களைப் பற்றி அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளே ஓயாமல் குற்றம் சாட்டின. சமனில் முடிந்தால் இரண்டு பெயரும் கெடாமல் இருக்கும், அடுத்த மோதலுக்குக் கூட்டம் சேரும். சந்தேகப்படுகிறவர்களுக்கு இதில் வலுவான வாதம் இருக்கிறது.

ஆனாலும் நான் இது உண்மையான மோதல் என்ற பக்கமே சாய்கிறேன். சமன் செய்ய வேண்டும் என்று முன்பே பேசியிருந்தால் இரண்டு மணி நேரம் போதும். பார்வையாளர்கள் நம்பிவிட்டுப் போயிருப்பார்கள். விளக்கை அணைக்கும்வரை ஏழு மணி நேரம் கழுத்தை ஊன்றிக் கிடப்பது, சம்பளத்துக்கு நடிப்பவன் தன் உடம்புக்கு வலிந்து செய்துகொள்ளும் காரியமில்லை. 1883இல் சான் பிரான்சிஸ்கோவில் இருவரும் மறுபடி மோதியபோது விஸ்லரின் தோள் பகுதியில் காயம் ஏற்பட்டு, முல்டூன் வென்றார். முடிவு அங்கேயும் பிடியால் மட்டும் வந்துவிடவில்லை. உடம்பு உடைந்துதான் வந்தது. விஸ்லர் பிறகு ஆஸ்திரேலியா போய், 1885இல் மெல்பர்னில் வில்லியம் மில்லரை வென்ற சில வாரங்களிலேயே அங்கே இறந்துபோனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவேளை பேசி வைத்த ஆட்டமாகவே இருந்தாலும், ஏழு மணி நேரச் சமனை நியூயார்க் நம்பியது என்றால், அப்படி நடக்கக்கூடிய விதியாக அது இருந்ததால்தான். கார்ன்வாலில் ஒருவன் ஏழு மணி நேரம் விழாமல் நின்றான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கால்களுக்குத் திரும்பியது

அதே 1881 ஜனவரியில், அதே நியூயார்க்கில், லங்காஷயரிலிருந்து வந்த எட்வின் பிபி என்ற குள்ளமான மல்லர் டங்கன் ராஸை வீழ்த்தி கேட்ச் பாணியின் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு இன்னொரு ஆங்கிலேயரான ஜோ ஆக்டன் அதை அவரிடமிருந்து பறித்தார். டெரஸ் கார்டனின் அந்த இரவோடு வைத்துப் பார்க்கும்போது இந்தச் செய்திக்குக் கனம் கூடுகிறது. ஒரே மாதத்தில், ஒரே நகரத்தில், ஒரு பாணி உச்சிக்குப் போய் முட்டி நின்றது. மற்றொன்று உள்ளே நுழைந்தது.

மாற்றம் ஒரே இரவில் நடந்துவிடவில்லை. 1880கள் முழுக்கக் கலப்பு ஆட்டங்களின் காலம். ஒரு சுற்று உன் பாணி, அடுத்த சுற்று என் பாணி, தீர்ப்புச் சுற்றின் பாணியை நாணயம் சுண்டித் தீர்மானிப்பது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஒப்பந்தம் எழுதும் மேஜையிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்: காலர் பாணிக்காரன் கூடுதலாக ஒரு சுற்று வாங்கிவிட்டால் எதிராளிக்குச் சங்கடம்தான்.

கேட்ச் பாணி முடிவைக் கொடுத்தது. கூடவே காயத்தையும் கொடுத்தது. விஸ்கான்சினின் இவான் லூயிஸ் கழுத்தை நெரிக்கும் பிடிக்குப் பேர்போனவர். ‘நெரிப்பவர்’ என்றே பட்டப்பெயர். 1886இல் சிகாகோவில் அவர் ஜப்பானிய மல்லர் மட்சுடா சொராகிச்சியின் காலை முறுக்கிப் படுகாயப்படுத்தினார். சுமோ பயின்று அமெரிக்கா வந்து, புதிய பாணிகளை அங்கேயே கற்றுப் பிழைத்த மனிதர் அவர். அந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று ஊர்கள் நூறாண்டாகப் பேசிப் பேசிச் செதுக்கி வைத்திருந்த வரம்புகளை, கூட்டம் சேர்க்கும் அவசரத்தில் தொழில்முறை மேடை கைவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர் அந்த ஜப்பானியர்.

1893 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் லூயிஸ், முல்டூனின் சீடரும் கிரேக்கோ-ரோமன் பட்டத்தின் வாரிசுமான எர்னஸ்ட் ரோபரை வென்றார். இரண்டு பட்டங்களும் கேட்ச்காரரின் கையில் சேர்ந்தன. 1895இல் ஃபார்மர் பர்ன்ஸ் லூயிஸை வீழ்த்தினார். பர்ன்ஸின் மாணவர் ஃபிராங்க் காட்ச் 1908இல் சிகாகோவில் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டை வென்றபோது, தொழில்முறை உலகில் கேட்ச்சின் ஆட்சி கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. (இந்தக் காலத்திலேயே இங்கிலாந்தின் டாம் கேனன் 1892இல் கல்கத்தா வந்து கரீம் பக்ஷ் பயில்வானிடம் தோற்றுத் திரும்பினார். மண் கோதாவில் வளர்ந்த குஸ்தியும் காலைப் பிடிக்க அனுமதிக்கும் பாணி என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.)

கிரேக்கோ-ரோமன் அமெச்சூர் உலகத்தில் பிழைத்தது, பழைய நோயோடு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த இறுதிப் போட்டி இருட்டிவிட்டதால் நிறுத்தப்பட்டு, மறுநாள் தொடர்ந்த பிறகே கார்ல் ஷூமன் வென்றார். 1912 ஸ்டாக்ஹோமில் மார்ட்டின் கிளைனும் ஆல்ஃபிரெட் அசிகைனெனும் மோதிய அரையிறுதி 11 மணி 40 நிமிடம் நீண்டது. வென்ற கிளைன் களைத்துப்போய் அடுத்து இறுதியில் ஆடவே வரவில்லை. அதே ஒலிம்பிக்கில் இன்னொரு எடைப்பிரிவின் இறுதி ஒன்பது மணி நேரம் ஓடிச் சமனில் நிற்க, தங்கம் யாருக்கும் தராமல் இருவருக்கும் வெள்ளி கொடுத்தார்கள். டெரஸ் கார்டனில் பேசி வைத்தார்கள் என்று சொல்பவர்கள் ஸ்டாக்ஹோமுக்கு என்ன சொல்வார்கள்? அங்கே டிக்கெட் பங்கும் இல்லை, பந்தயப் பணமும் இல்லை. ஒரே விதி, ஒரே விளைவு. இன்றைய கிரேக்கோ-ரோமன் ஆட்டம் மூன்று மூன்று நிமிடமாக ஆறு நிமிடம்தான். தற்காப்பிலேயே இருப்பவன் எதிராளிக்குப் புள்ளியைக் கொடுக்க வேண்டும், தரையில் படியவும் நேரிடலாம்.

தொழில்முறை மேடை வேறு வழியில் போனது. நேர வரம்பு வந்தது, பிறகு முடிவையே முன்கூட்டித் தீர்மானிக்கும் முறை நிலைத்தது. மதுக்கடைப் பந்தயத்திலும் கிராம விழாவிலும் முடிவு தானாக வந்துகொண்டிருந்தது. வாரா வாரம் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கும் அரங்கத்துக்கு அப்படிக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

முல்டூன் 1890களின் தொடக்கத்தில் களத்தைவிட்டு விலகினார். அதற்கு முன்பே, 1889இல், குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சலிவனை ஜேக் கில்ரெய்னுடனான மோதலுக்குத் தயார்படுத்திப் பெரும் பெயர் வாங்கியிருந்தார். 1921இல் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவரானார். 1933இல் இறக்கும்வரை அந்த அமைப்பில் இருந்தார். 1930இல் அந்த ஆணையம் ஓர் உத்தரவு போட்டது: நியூயார்க் மாநிலத்தில் நடக்கும் தொழில்முறை மல்யுத்தத்தை, ஆணையம் தனியே சான்றளித்தால் ஒழிய, ‘போட்டி’ என்று விளம்பரம் செய்யக் கூடாது, ‘காட்சி’ என்றுதான் விளம்பரம் செய்ய வேண்டும்.